அன்னப் படகு – அத்தியாயம் 17: சுப்பண்ணனின் எடை

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். "ஆறு இல்லை, கடல் இல்லை, குளத்தில்கூடப் பாதி நாள் மாடு மேய்கிற அன்னூரில் எவனாவது படகுக் கம்பெனி வைப்பானா? கதை விடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?" என்று.

அம்மா, இதே கேள்வியை ரசாக்கிடம் அவருடைய மாமனார் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். "கட்டில் செய்யற ஆசாரிக்குத் தூக்கமா வருதுங்க? படகு செய்யறதுக்குத் தண்ணி எதுக்குங்க?" என்று ரசாக் பதில் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு பெண்ணைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று மாமனார் ஆறு மாதம் யோசித்தார். மூன்றாவது அத்தியாயத்தில் இதை விவரமாக எழுதியிருக்கிறேன். எடுத்துப் படித்துக்கொள்ளவும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலை ஊர் ஏரிகளில் காலால் மிதித்துக்கொண்டு போவோமே, அன்னப் பறவை வடிவத்தில் ஃபைபர் படகு, அதைச் செய்கிறவர் ரசாக் பாய். ஒரே வார்ப்பாக வருகிற பிளாஸ்டிக் படகு பாதி விலைக்குக் கிடைக்க ஆரம்பித்ததும் இவருக்கு ஆர்டர் வற்றிப்போனது. வருகிற வெள்ளிக்கிழமை கம்பெனியை மூடுகிறார். ஷெட்டை ஒரு கோழிப்பண்ணைக்காரர் தீவன மூட்டை அடுக்குவதற்காக வாங்கிக்கொள்கிறார். அவரும் பல்லடம்தான், வாசகி மன்னிக்கவும். வேலையாட்கள் எல்லோருக்கும் வேறு இடம் பார்த்துக் கொடுத்தாகிவிட்டது, சுப்பண்ணன் ஒருவரைத் தவிர.

மூடுகிற செய்தி ஊருக்கே தெரியும். ஒரே ஒருவருக்குத் தெரியக்கூடாது. மகள் மிஸ்பாவுக்கு மாமனாராகப் போகிற கோட்டைமேடு இரும்புக்கடை நசுருதீன்தான் அவர். அவர் மகன் சஹீருக்கும் மிஸ்பாவுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ். அது முடிகிற வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று ரசாக்கின் மனைவி யாஸ்மின் போன வாரம் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

சத்தியம் ஒரு வாரம் தாங்கியதே பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை காலை யாஸ்மின் தால்ச்சாவுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அன்றைய உத்தரவுகளைப் போட்டார்.

"ஏனுங்க, பத்து மணிக்கு அந்த நகராட்சி இன்ஜினீயரம்மா வாராங்க. கடைசிப் படகைப் பாத்துப்போட்டு பன்னெண்டுக்குள்ள போயிருவாங்க. ஒரு மணிக்கு சம்பந்தி சாப்பாட்டுக்கு வாராரு. அவரு வர்றப்ப ஷெட்டுக் கதவு சாத்தியிருக்கோணும். உள்ள காலியாக் கெடக்கறதப் பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாரு. உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

"நான் எப்பப் பொய் சொல்லியிருக்கேன்?" என்றார் ரசாக்.

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டு. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் படகு சோதிக்கிற சிமென்ட் தொட்டி தெரியும். யாஸ்மின் ஒரு கண்ணைக் குக்கரிலும் இன்னொரு கண்ணைத் தொட்டியிலும் வைத்தபடி முப்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறவர்.

மிஸ்பா சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்ஃபோனோடு மாடிப்படியில் உட்கார்ந்து யாரிடமோ இங்கிலீஷில் கோபித்துக்கொண்டிருந்தாள்.

சரியாகப் பத்து மணிக்கு இன்ஜினீயர் அன்புக்கரசி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இருபத்தெட்டு வயது இருக்கும். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கையில் பதினான்கு பக்கம் ஃபாரம். நகராட்சிப் பூங்காக் குளத்துக்கு ஒரே ஒரு படகு வாங்குகிறார்கள். அதுதான் ரசாக் கம்பெனியின் கடைசிப் படகு. வெள்ளைவெளேரென்று, கழுத்தை வளைத்துக்கொண்டு, தொட்டியோரம் நின்றது.

"சுப்பண்ணா, வாங்க," என்று ரசாக் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் சுப்பண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பதினாறு அத்தியாயமாக அவரை ஓரமாகவே நிற்க வைத்துவிட்டேன்.

சுப்பண்ணனுக்குக் கம்பெனியில் வேலை என்னவென்றால், உட்காருவது. படகு தயாரானதும் தொட்டியில் இறக்குவார்கள். ஒரு சீட்டில் சுப்பண்ணன், மற்ற சீட்டுகளில் எழுபது கிலோ மணல் மூட்டைகள். எல்லாவற்றிலும் மூட்டையையே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். மூட்டை சும்மா இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எழுந்து நிற்பார்கள், தண்ணீரைத் தொடக் குனிவார்கள், செல்ஃபிக்காக மொத்தமாக ஒரு பக்கம் சாய்வார்கள். சுப்பண்ணன் இத்தனையும் செய்து காட்டுவார். அவர் சாய்கிற பக்கம் படகு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் பரீட்சை. படகின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டால் ஃபெயில்.

இதற்கு ஆள் கனமாக இருக்கவேண்டும். சுப்பண்ணன் கனமாக இருந்தார். 2009-இல் தேங்காய் மண்டித் தராசில் அவரை நிறுத்து, தொட்டிச் சுவரில் மேஸ்திரி மாசாணம் பெயின்ட்டில் எழுதியது இன்னும் அழியவில்லை: 'சுப்பண்ணன் – 112 கிலோ.' அதற்குப் பிறகு யாரும் அவரை நிறுத்ததில்லை. வயதில் மூத்தவரை வருடா வருடம் கூப்பிட்டுத் தராசில் ஏறுங்கள் என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்கு நாக்கு வரும்?

படகு தொட்டியில் இறங்கியது. நாலு மூட்டை, ஒரு சுப்பண்ணன். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், குனிந்து தண்ணீரைத் தொட்டார். கடைசியாக இல்லாத போனை நீட்டி, பல்லைக் காட்டி, வலது பக்கம் முழுக்கச் சாய்ந்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது.

ரசாக்குக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அம்மணி? முன்னெல்லாம் நாலு பேருக்கே கோட்டுக்கு ஒரு விரல்தானுங்க மிச்சம் இருக்கும். ஒண்ணரை வருஷத்துக்கு முன்ன அது நாலு விரலாச்சு. ஃபைபர் மேல பூசற புது ரெசின் அப்படி வேலை செய்யுதுங்க. அந்த தைரியத்துலதான் அன்னத்துக் கழுத்துக்குப் பின்னால அஞ்சாவதா ஒரு சீட்டுப் போட்டோம். அப்பவும் ரெண்டு விரலு மிச்சம் நிக்குதுங்க. குயிலாமலை ஏரிக்கு இதே மாதிரி ஒன்பது போயிருக்குதுங்க."

அன்புக்கரசி ஃபாரத்தில் ஆறாம் பக்கத்தைப் புரட்டினார். "சாயறவரோட எடை எவ்வளவுங்க?"

ரசாக் பெருமையாகச் சுவரைக் காட்டினார்.

"அது 2009 ஆச்சுங்களே சார்."

"பொறவு ஏறியிருக்குமே தவிர எறங்கியிருக்காதுங்க."

"சோதனை நடக்கற அன்னிக்கே நிறுத்து எழுதோணும்னு போட்டிருக்குதுங்க."

படகிலிருந்து சுப்பண்ணன் மெதுவாகச் சொன்னார். "அம்மணி, இன்னிக்கு செவ்வாய்க்கெழமைங்க."

"அதுக்கென்னங்க?"

"செவ்வாய்க்கெழமை எடை பாக்கறதில்லீங்க."

இப்படியொரு பழக்கத்தை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. மாசாணம் யோசித்துப் பார்த்துவிட்டு, "எங்கூர்ல முடிதானுங்க வெட்டமாட்டாங்க," என்றார்.

அதற்குள் மிஸ்பா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மாடியிலிருந்து தன் எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடியில் செய்த தட்டை மிஷின். ஏறி நின்றால் எடை அவள் போனில் வந்து விழும்.

சுப்பண்ணன் தொட்டியிலிருந்து ஏறி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி மிஷின் மேல் நின்றார்.

மிஸ்பா போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "எழுபத்தி நாலுங்க அத்தா."

"மிஷினு ரிப்பேரு," என்றார் ரசாக் உடனே. தானே ஏறினார். அறுபத்தெட்டு, சரியாக இருந்தது. மாசாணம் ஏறினார், ஐம்பத்தொன்பது, அதுவும் சரி. அன்புக்கரசியும் ஏறி, மிஸ்பாவின் போனை எட்டிப் பார்த்து, சட்டென்று இறங்கிவிட்டார். சரியாக இருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் சுப்பண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அந்தத் தொளதொளச் சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தார்.

"எங்கீங்க சுப்பண்ணா போச்சு மிச்சமெல்லாம்?" என்றார் ரசாக்.

சுப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "சர்க்கரைங்க பாய். ரெண்டு வருஷத்துக்கு முன்ன டாக்டரம்மா காலைப் பாத்துப்போட்டு, எடையைக் கொறைக்காட்டி காலே போயிரும்னுட்டாங்க. என்ற மக பொற்கொடி அரிசிச் சோத்தையே கண்ணுல காட்டறதில்லீங்க. காலையில நாலு மைல் நடக்க வெக்கறா. அதா எறங்கிப்போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னேனுங்களே. போன ரம்ஜானுக்கு பிரியாணி குடுக்கறப்ப, 'என்ன சுப்பண்ணா, இப்படி எளைச்சுட்டீங்க'ன்னு நீங்களே கேட்டீங்க. ஆமாங்க பாய்னு சொன்னேன்."

ரசாக்குக்கு அது நினைவிருந்தது. கேட்டது உண்மைதான். ஆனால் நம்மவர்கள் யாரைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்பதில்லை? கல்யாண வீட்டு வாசலில் மூச்சு வாங்க வந்து நிற்பவரையும் 'இளைச்சுட்டீங்களே' என்றுதான் வரவேற்கிறோம். சுப்பண்ணன் நூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தபோதும் ரசாக் வருடம் தவறாமல் அதைத்தான் கேட்டார். நிஜமாகவே இளைத்த வருடத்திலும் அதே கேள்வி, அதே பதில். கேட்டவரும் யோசிக்கவில்லை, பதில் சொன்னவரும் நிறுத்தி நிதானமாகச் சொல்லவில்லை.

"சும்மா கேக்கறதுதானுங்க அது!"

"தெரியுமுங்க. அதனாலதான் நானும் அதோட உட்டுட்டேன்." சுப்பண்ணனுக்குக் குரல் இறங்கியது. "என்ற வேலையே எடைதானுங்களே பாய். அது போயிருச்சுன்னு எந்த வாயில சொல்றது?"

ரசாக்குக்குக் கோபம் வந்தது. கோபத்தை விட வருத்தம் அதிகமாக வந்தது. இருபத்திரண்டு வருடம் கூட இருந்த மனிதர், தன் உடம்பு தேறியதை ஒரு குற்றம் மாதிரி சட்டைக்குள் மறைத்து வைத்திருக்கிறார். 'எடை போனா என்னங்க, நீங்க இருங்க' என்று நான் சொல்வேன் என்று இவருக்குத் தோன்றவே இல்லையா?

அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. நாலு விரல் மிச்சம் வந்தது ரெசினால் அல்ல. சுப்பண்ணன் இளைத்ததால். அந்த நாலு விரலை நம்பித்தான் ஐந்தாவது சீட்டு. ஐந்து சீட்டோடு ஒன்பது படகு குயிலாமலை ஏரியில் ஓடுகிறது. மே மாதம், பள்ளிக்கூட லீவு.

முப்பத்திரண்டு வருடத்தில் ரசாக் செய்த படகு ஒன்றுகூட முங்கியதில்லை. கம்பெனி போகட்டும், இந்தப் பேராவது நிற்கும் என்பது ஒன்றுதான் வெள்ளிக்கிழமைக்கு அவர் வைத்திருந்த ஆறுதல்.

"அம்மணி, அஞ்சு பேரைத் தாங்குமா தாங்காதா, எனக்கு இப்பவே தெரியோணுமுங்க."

"நூத்திப் பன்னெண்டு கிலோ ஆளை வெச்சு மறுபடி சாச்சுப் பாத்தாத் தெரிஞ்சிருமுங்க சார்," என்றார் அன்புக்கரசி.

அன்னூரில் அந்த எடைக்கு யார் இருக்கிறார்கள் என்று ஐந்து பேரும் யோசித்தார்கள். மாசாணம் ஒரு பேங்க் மேனேஜரைச் சொன்னார். அவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். பேக்கரிக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

"ரோடு காலியாக் கெடந்துச்சுங்க சம்பந்தி! ரெண்டு மணி நேரம் முன்னாலயே வந்துட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே நசுருதீன் காரிலிருந்து இறங்கினார். அவர் இறங்கியதும் கார் நிம்மதியாக ஒரு சாண் உயர்ந்தது.

தொட்டியோரம் நின்ற ஐந்து பேரும் அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரே மாதிரி பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க சம்பந்தி," என்றார் ரசாக். பழக்க தோஷம், வாய் தானாகத் தொடர்ந்தது. "என்னங்க இப்படி எளைச்சுட்டீங்க?"

"ஐயோ, எளைச்சுட்டாருங்களா?" என்றார் சுப்பண்ணன் பதறிப்போய்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று நசுருதீன் மகிழ்ந்துபோனார்.

அடுப்படி ஜன்னலில் யாஸ்மினின் தலையும் கரண்டி பிடித்த கையும் தெரிந்தன. கரண்டி ஷெட்டுக் கதவைக் காட்டியது, சாத்து என்றது, சம்பந்தியைக் காட்டியது, உள்ளே கூட்டி வா என்றது. ரசாக் எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் 'உங்களுக்கு எத்தனை கிலோங்க, கொஞ்சம் படகில் ஏறிச் சாயறீங்களா' என்று எந்த மரியாதையில் கேட்பது என்று குழம்பிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை வாயைத் திறந்து, "தண்ணி குடிக்கறீங்களா?" என்றே இரண்டு தடவையும் கேட்டார்.

மிஸ்பாதான் முன்னால் வந்தாள். "மாமா, எங்க ஊட்ல ஒரு பழக்கம் இருக்குதுங்க. சம்பந்தியாகறவங்க நம்ம கம்பெனிப் படகுல ஒரு தரம் உக்காந்து எந்திரிக்கோணும்."

"அப்படியா! சொல்லவே இல்லீங்களே சம்பந்தி?"

"எனக்கே... இப்பத்தான்..." என்று ரசாக் இழுத்தார். பொய் அவருக்கு நிஜமாகவே வரவில்லை.

"செருப்பக் கழட்டிப்போட்டு இந்தத் துணி மேல நில்லுங்க மாமா. மொதல்ல ஒரு போட்டோ." துணிக்கடியில் மிஷின் இருந்தது. நசுருதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். மிஸ்பா படம் எடுத்தாள். போனைத் திருப்பி மற்றவர்களுக்குக் காட்டினாள். நூற்றுப் பதிமூன்று.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ரசாக் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"என்னங்க?"

"போட்டோ நல்லா வந்திருக்குதுங்க சம்பந்தி."

சுப்பண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ற பழைய எடை மாதிரியே இருக்குதுங்க," என்று மாசாணத்தின் காதில் சொன்னார்.

நசுருதீனை நாலு பேர் தாங்கிப் படகில் ஏற்றினார்கள். சுற்றிப் பார்த்தவர், "இந்த மூட்டையெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

"குடும்பத்தோட வந்த மாதிரி இருக்கட்டும்னுதானுங்க மாமா. இது மாமி. அது சஹீர். பின்னால உங்க ரெண்டு பொண்ணுங்க."

"சஹீரு இவ்வளவு அமைதியா இருக்கமாட்டானே," என்று மூட்டையைத் தட்டிக் கொடுத்தார் நசுருதீன். நல்ல மனுஷர். எல்லாவற்றுக்கும் உடனே தயாராகிவிடுவார்.

"இப்பக் கைய நீட்டி, அந்தப் பக்கமா நல்லாச் சாஞ்சு, ஒரு செல்ஃபிங்க மாமா!"

நசுருதீன் மனசார, முழுசாக, ஒரு குறையும் வைக்காமல் சாய்ந்தார்.

தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கோட்டைத் தாண்டியது. படகின் விளிம்பைத் தாண்டி, குடம் குடமாக நசுருதீனின் மடியில் வந்து விழுந்தது. "யா அல்லாஹ்!" என்று அவர் எழுந்திருக்கப் பார்க்க, அன்னம் தலைகுப்புறக் கவிழ இருந்தது. மாசாணம் பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். சுப்பண்ணன் தொட்டிக்குள் குதித்து சம்பந்தியைத் தாங்கிப் பிடித்தார். தொட்டியில் இடுப்பளவுதான் தண்ணீர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சஹீர் மட்டும் முங்கிப்போனான், அதாவது அந்த மூட்டை.

அன்புக்கரசி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "என்னன்னு எழுதட்டுங்க சார்?"

தொட்டி சின்னது என்று சொல்லியிருக்கலாம். சம்பந்தி எழுந்ததுதான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலில் யாஸ்மின் கரண்டியை வாயில் வைத்து 'பேசாதீங்க' என்றார். ரசாக் இந்தத் தடவை பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"அஞ்சு பேரைத் தாங்காதுன்னு எழுதுங்க அம்மணி. இது மட்டுமில்லீங்க. ஒன்பது போயிருக்குதுன்னு சொன்னேனே, அதுவும் தாங்காது. தப்பு என்னுதுதானுங்க. சுப்பண்ணன் மேல எதுவும் எழுதிப்போடாதீங்க. கூடவே இருந்தவரை ஏறெடுத்துப் பாக்காதது நான்."

பிறகு சொட்டச் சொட்ட நின்ற சம்பந்தியிடம் திரும்பினார். உடைந்தது உடைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்படி ஒரு பழக்கமே கிடையாது, உங்களை எடைக்கல்லாக வைத்தோம், துணிக்கடியில் மிஷின் இருந்தது, வெள்ளிக்கிழமை கம்பெனியை மூடுகிறேன், உங்களிடம் மறைத்தோம், மன்னிக்கவேண்டும்.

நசுருதீன் சட்டை நுனியைப் பிழிந்தார். வெகு நேரம் பிழிந்தார். யாஸ்மின் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து நின்றார்.

"மூடறீங்கன்னு எனக்குப் போன மாசமே தெரியுமுங்க," என்றார் நசுருதீன். "கோட்டைமேட்டுல எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் தெரிஞ்ச மாதிரி காட்டுனா உங்களுக்குச் சங்கடமாயிருமேன்னு வாயத் தொறக்கலை. என்ற ஊட்லயும் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன்."

யாஸ்மின் அப்படியே தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக இரண்டு குடும்பமும் ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"அது கெடக்கட்டும்," என்றார் நசுருதீன், குரலைத் தாழ்த்தி. "எடை எவ்வளவு காட்டுச்சு?"

"நூத்திப் பதிமூணுங்க மாமா," என்றாள் மிஸ்பா.

"உன்ற மாமிகிட்ட தொண்ணூத்தாறுன்னு சொல்லி வெச்சிருக்கேன் கண்ணு. பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரசாக் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே போனை எடுத்து குயிலாமலை ஏரிப் படகுத்துறை கான்ட்ராக்டருக்குப் போட்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டித் திட்டில் வைத்தார்.

"சொல்லுங்க பாய்! செம கூட்டமுங்க, பேச நேரமில்லை."

"நான் குடுத்த ஒன்பது படகும் இப்ப எங்கீங்க இருக்குது?"

"எல்லாம் தண்ணியிலதானுங்க."

"அதுல அஞ்சு பேரை ஏத்தக்கூடாதுங்க. என்ற டெஸ்ட்டு தப்பாப்போச்சு. உடனே கரைக்கு எடுங்க."

"அஞ்சா?" கான்ட்ராக்டர் சிரித்தார். "அஞ்சுன்னு எழுதியிருந்தா ஆறு பேரை ஏத்தறதுதானுங்களே நம்மூர்ப் பழக்கம்? லைஃப் ஜாக்கெட்டுங் குடுக்கறோம். வெயிலுன்னு கழட்டி சீட்டுக்கடியில வெச்சுக்கறாங்க, அதுக்கு நாம என்னங்க பண்றது?"

"கரைக்கு எடுங்கன்னு சொல்றேன்!"

"ஏனுங்க பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வெள்ளிக்கெழமை கம்பெனிய மூடறீங்கன்னு கேள்வி. மூடிப்போட்டுப் போற கம்பெனி சொல்லுதுன்னு லீவு நாள்ல கூட்டத்தை நான் எறக்கி உடோணுமா?"

ரசாக் நிமிர்ந்தார். காக்காயைக்கூட 'போங்க' என்று விரட்டுகிற மனிதர் அவர். அவர் அப்படிக் கத்தி யாஸ்மினே கேட்டதில்லை.

"யாருடா சொன்னது மூடறேன்னு? நான் மூடலை! அந்த ஒன்பது படகும் என்ற தொட்டிக்குத் திரும்பி வர்ற வரைக்கும் இந்தக் கதவு தொறந்துதான் இருக்கும். இப்ப விசில ஊது. ஊதுடா!"

ஷெட்டை வாங்குகிற பல்லடத்துக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யாஸ்மின் கேட்க வாயெடுத்தார். கேட்காமல் கணவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

போனில் விசில் கேட்டது. நீளமாக, திரும்பத் திரும்ப.

"வாராங்க பாய், கோவிச்சுக்காதீங்க," என்றது கான்ட்ராக்டரின் குரல். இப்போது அதில் சிரிப்பு இல்லை. "ஒண்ணு வந்துருச்சுங்க. ரெண்டு. இதா மூணும் வந்துருச்சு."

அன்புக்கரசி ஃபாரத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். சுப்பண்ணன் விரல் விட்டு எண்ணினார். நசுருதீன் ஈரச் சட்டையோடு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு. நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஏழும் எட்டும் சேர்ந்து வந்தன.

"ஒன்பதாவது?" என்றார் ரசாக்.

"அது ஏரியோட அந்தக் கோடியிலீங்க பாய். விசில் கேக்கலை போலிருக்குது. ஆளனுப்பியிருக்கேன்."

"அதுல எத்தனை பேருங்க?"

போனில் விசில் இன்னும் இரண்டு தடவை கேட்டது.

"எண்ணி ஏத்தலீங்க பாய். ஒரே குடும்பமுங்க."

(தொடரும்)